வீட்டு வாத்துகளில் முட்டை அடைப்பும் பிற இனப்பெருக்க உறுப்பு நோய்களும்: அறிகுறிகள், முதலுதவி, சிகிச்சை

முட்டையிடும் பருவத்திலுள்ள பெண் வாத்து திடீரென இரை எடுக்காமல், கால்களை அகற்றி வைத்து நின்று, வாலை மேலும் கீழும் அசைத்தபடி முக்கிக்கொண்டிருந்தால், அதன் உடலுக்குள் முட்டை சிக்கியிருக்கக்கூடும். இந்நிலை முட்டை அடைப்பு எனப்படும். கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாள்களில், சில வேளைகளில் சில மணி நேரத்திலேயே, வாத்து இறந்துவிடும். முதல் நாளிலேயே கண்டறிந்து, வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டு சேர்த்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

இப்பக்கம் ஜவ்வாது மலையில் வீட்டளவில் வாத்து வளர்க்கும் குடும்பங்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. மலையடிவாரத்தில் ஆரணி, போளூர் பக்கத்து நெல்வயல்களில் அறுவடைக்குப் பின் வாத்துக் கூட்டங்கள் மேய்வது பழைய வழக்கம். ஆரணி, கீரி, சன்னியாசி எனப் பெயர் வழங்கும் நாட்டு வாத்துகள் இவ்வட்டாரத்தில் அறியப்பட்டவை. சந்தையில் வாங்கி மலைக்குக் கொண்டுவரப்படும் இரண்டு மூன்று வாத்துகள் பெரும்பாலும் விற்பனைக்காக வளர்பவை அல்ல. குழந்தைகள் பெயர் வைத்து அழைப்பவை. வீட்டு முதியவர்களின் கையில் இரை தின்பவை.

மனிதர்களுக்கான சுகாதாரத் தளத்தில் வாத்து எதற்கு?

சில ஆண்டுகளுக்கு முன் மார்கழி மாத மாலை ஒன்றில், புறநோயாளிகள் அனைவரும் சென்ற பின்னர், மூதாட்டி ஒருவர் மூங்கில் கூடையில் ஒரு வாத்தைச் சுமந்துகொண்டு மலையிலுள்ள எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வந்தார். அது அவருடைய பேரனின் வாத்து. முந்தைய நாள் காலை முதல் முட்டை இறங்கவில்லை. பிரசவத்தின்போது வலி வருவதற்காக ஏற்றும் மருந்து எங்களிடம் இருப்பதை அவர் அறிவார். அதில் ஒரு துளியை வாத்துக்கும் போட வேண்டும் என்பதே அவர் கேட்டது. முந்தைய ஆண்டு இதேபோல் முட்டை அடைத்த வேறொரு வாத்தின் வயிற்றை வீட்டார் அழுத்திப் பிதுக்கியதில் முட்டை உள்ளேயே உடைந்து, அன்றிரவே வாத்து இறந்ததையும் அவரே கூறினார்.

அந்த ஊசியை நாங்கள் போடவில்லை. அதற்குரிய காரணம் கீழே விளக்கப்பட்டுள்ளது. கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் கூறியபடி வாத்தை வெதுவெதுப்பான, இருட்டான இடத்தில் வைத்தோம். விடியும் முன்னர் காகிதம் போன்ற மெல்லிய ஓட்டுடன் ஒரு முட்டையை அது இட்டது. எல்லா வாத்துகளுக்கும் இவ்வாறு நல்லபடியாக முடிவதில்லை.

இதன் பின்னரும் சிலர் இத்தகைய கேள்விகளுடன் வந்துள்ளனர். அவ்வாத்துகளின் முட்டைகளைக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உண்கின்றனர் என்பதாலும், நோயுற்ற பறவையைக் கையாள்பவர்களுக்கும் சில ஆபத்துகள் உண்டு என்பதாலும் இவ்விளக்கம் தேவையாகிறது. எழுதுபவர் மனிதர்களுக்கு மருத்துவம் பார்ப்பவர். ஆகவே நோயை உறுதிசெய்வதும் மருந்தின் அளவைத் தீர்மானிப்பதும் கால்நடை மருத்துவரின் பொறுப்பு என்பதை நினைவில் கொள்ளவும்.

முட்டை உருவாகும் விதம்

பெண் வாத்துக்கு இடப்பக்கச் சூலகமும் இடப்பக்க முட்டைக்குழாயும் மட்டுமே செயற்படுகின்றன. சூலகத்திலிருந்து விடுபடும் மஞ்சள் கரு இக்குழாயினுள் விழுந்து நகரும்போது வெள்ளைக் கருவும் சவ்வுகளும் அதன்மேல் படிகின்றன. இறுதியில் ஓடு உருவாகும் பகுதியில் ஏறக்குறைய 20 மணி நேரம் தங்கிய பின்னர் முட்டை வெளியேறுகிறது. முழுப் பயணமும் ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதல். வாத்துகள் பெரும்பாலும் விடியற்காலையில், வெயில் ஏறுவதற்குள் முட்டையிட்டுவிடும். எனவே நண்பகலிலும் ஒரு வாத்து முக்கிக்கொண்டிருப்பது இயல்பானதன்று.

முட்டை ஓடு ஏறக்குறைய முழுவதும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. ஒரு வாத்து முட்டையின் ஓட்டில் இரண்டு கிராமுக்கும் மேற்பட்ட கால்சியம் உண்டு. இதைத் தாய்ப்பறவை தீவனத்திலிருந்தும் தன் எலும்பிலிருந்தும் எடுத்துத் தர வேண்டும். முட்டையைத் தள்ளி வெளியேற்றும் தசை சுருங்குவதற்கும் கால்சியமே தேவை. கால்சியம் குறைந்தால் இரு தீங்குகள் ஒன்றாக நேர்கின்றன: முட்டை ஓடின்றித் தோல்முட்டையாகவோ மெல்லோடாகவோ அமைந்து தசையின் பிடிக்கு நழுவுகிறது; தசையும் வலுவிழக்கிறது. மிகப் பெரிய முட்டை, இரட்டைக் கரு முட்டை, உடற்பருமன், முதிர்ச்சி அடையும் முன்னரே தொடங்கிய முட்டையிடல், கடுங்குளிர், நாய் துரத்தல் போன்ற அச்சம், குழாயில் ஏற்பட்ட பழைய தொற்று ஆகியவையும் அடைப்புக்குக் காரணமாகலாம். ஆனால் கையால் இரையிட்டு வளர்க்கப்படும் வாத்துகளில் முதலில் ஐயப்பட வேண்டியது கால்சியம் குறைவையே.

அடைகாக்கும் வாத்தா, முட்டை அடைத்த வாத்தா?

பெரும்பாலான வீடுகளில் தாமதம் ஏற்படுவது இவ்விடத்தில்தான். கூட்டை விட்டு எழாத வாத்தை அடைக்குப் படுத்துவிட்டது என்று எண்ணி இரண்டு நாள் விட்டுவிடுகின்றனர்.

அடைகாக்கும் வாத்து தட்டையாகப் பரந்து படுத்திருக்கும். அருகில் சென்றால் சீறும், இறகைச் சிலிர்க்கும், கொத்தவும் வரும். கண்கள் தெளிவாக இருக்கும். நாளில் ஓரிரு முறை எழுந்து விரைந்து நீர் குடித்து, இரை தின்று, நாற்றமுள்ள பெரிய எச்சமிட்டுத் திரும்பும். கூட்டினடியில் முட்டைகள் இருக்கும்.

முட்டை அடைத்த வாத்திடம் அந்தச் சீற்றம் இராது. அது கூட்டிற்குள் போவதும் வருவதுமாக இருந்து, பின்னர் ஓரிடத்தில் நின்றுவிடும். உடலை நிமிர்த்தி, கால்களை அகற்றி, வாலைத் தாழ்த்தி நிற்கும். மூச்சு விடும்போதெல்லாம் வாலும் சேர்ந்து அசையும். அலகைத் திறந்து மூச்சு வாங்கலாம். எச்சம் சிறிதாகவோ, நீராகவோ, அறவே இல்லாமலோ இருக்கும். எச்சத்துவாரத்தைச் சுற்றியுள்ள இறகுகள் ஈரமாகி அழுக்கேறியிருக்கும். முட்டை இடுப்பு நரம்புகளை அழுத்துவதால் ஒரு கால் தளர்ந்து நொண்டுவதும் உண்டு. சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தடவிக்கொண்டிருப்பதில் நேரம் வீணாகிறது. முட்டையிடும் பருவத்து வாத்து காரணமின்றி நொண்டினால் அடிவயிற்றையும் பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு, வாத்தை மடியில் அமைதியாக வைத்து, மார்பெலும்பின் முடிவிற்கும் எச்சத்துவாரத்திற்கும் இடையிலுள்ள மென்மையான பகுதியை இரு விரல்களால் மெல்லத் தொடவும். உருண்டையான கடினமான பொருள் தட்டுப்பட்டால் அது முட்டையாக இருக்கலாம். எதுவும் தட்டுப்படாததால் முட்டை இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. தோல்முட்டை விரலுக்குத் தெரியாது.

ஒரு நாள் முட்டை இடாதது மட்டுமே நோயின் அடையாளமன்று. இறகு உதிரும் காலத்திலும், பகற்பொழுது குறையும் மாதங்களிலும் நலமான வாத்தும் முட்டையை நிறுத்தும். நன்றாக இரை எடுத்து, நீந்தி, கூவித் திரியும் வாத்தைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை.

வீட்டில் செய்ய வேண்டிய முதலுதவி

முதலில் கால்நடை மருத்துவருக்குத் தகவல் தெரிவிக்கவும். பின்வருபவை வாகனம் வரும் வரையிலும், மலையிலிருந்து இறங்கும் வரையிலும் செய்யத்தக்கவை. மருத்துவருக்கு மாற்று அல்ல.

வாத்தைப் பிற வாத்துகளிடமிருந்து, குறிப்பாக ஆண் வாத்திடமிருந்து, பிரித்து வைக்கவும். வைக்கோல் அல்லது பழந்துணி விரித்த கூடை போதுமானது. ஒரு பக்கம் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டி வைத்து, மேலே சாக்கால் பாதி மூடி, இருட்டும் அமைதியும் கிடைக்கச் செய்யவும். மறுபக்கம் சூடின்றி இருக்கட்டும்; வெப்பம் மிகுந்தால் வாத்து அப்பக்கம் நகர்ந்துகொள்ளும். குடிநீர் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஜவ்வாது மலையில் மார்கழி, தை மாத இரவுகளில் இந்தச் சூடு எல்லாவற்றிலும் முதன்மையானது.

தலையை நிமிர்த்தி வைத்திருக்கும் அளவுக்கு வாத்து தெம்பாக இருந்தால், குழந்தையைக் குளிப்பாட்டும் பதத்திலுள்ள வெந்நீரில் அடிவயிறு மூழ்குமாறு 15 முதல் 20 நிமிடங்கள் வரை வைக்கலாம். தசை தளர்ந்து முட்டை இறங்க இது உதவும். ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். தலை சாய்ந்தால் உடனே எடுத்துவிடவும். பின்னர் துணியால் முழுவதும் துவட்டிச் சூட்டில் வைக்கவும். நனைந்த வாத்தைக் குளிரில் விடுவது செய்த நன்மையைக் கெடுத்துவிடும். எச்சத்துவாரத்தின் வெளிவிளிம்பில் தூய தேங்காய் எண்ணெயைச் சிறிது தடவலாம். விரலை உள்ளே செலுத்த வேண்டாம்.

கால்சியம் திரவத்தை, மருத்துவர் தொலைபேசியில் அளவு கூறினால் மட்டுமே, வாத்து தானாக விழுங்கும் நிலையில் மட்டுமே, அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாகத் தரவும். சோர்ந்த வாத்தின் வாயில் ஊற்றும் எதுவும் மூச்சுக்குழாய்க்குள் சென்றுவிடும்.

முட்டை இறங்கிவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். முதல் முட்டைக்குப் பின்னால் இரண்டாவது ஒன்று இருக்கலாம். காரணமும் தீராமல் இருக்கும்.

செய்யக் கூடாதவை

வயிற்றை அழுத்த வேண்டாம். கம்பி, குச்சி, ஊசி எதனாலும் முட்டையை உடைக்க முயல வேண்டாம். முட்டை உள்ளே உடைந்தால் கூரிய ஓட்டுத்துண்டுகள் குழாயைக் கிழிக்கும். கரு வயிற்றறையில் சிந்தி அழற்சி உண்டாகும். கண்ணுக்குத் தெரியும் முட்டையையும் பிடித்து இழுக்கக் கூடாது. குழாயின் சவ்வு முட்டையுடன் ஒட்டியிருந்தால் உறுப்பும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

பிரசவத்திற்குப் பயன்படும் ஆக்சிடோசின் ஊசியைப் பற்றித் தனியே கூற வேண்டும். பறவையின் உடலில் முட்டையை வெளித்தள்ளுவது வேசோடோசின் என்னும் வேறொரு இயக்குநீர். ஆக்சிடோசின் பறவையிடம் நம்பத்தக்க முறையில் வேலை செய்வதில்லை. வாயில் திறவாத நிலையிலோ, முட்டை ஒட்டிக்கொண்ட நிலையிலோ இதைப் போட்டால், சுருங்கும் தசைக்கும் நகராத முட்டைக்கும் நடுவில் குழாய் கிழிந்துவிடும். தடைபட்ட பிரசவத்தில் தாய்க்கு இம்மருந்தைக் கண்மூடி ஏற்றினால் கருப்பை கிழியும் என்று செவிலியர்களுக்குக் கற்பிக்கிறோம். இங்கும் அதே கணக்குத்தான். கால்நடை மருத்துவர்கள் பரிசோதித்த பின்னர், கால்சியம் கொடுத்த பின்னர், சில பறவைகளுக்கு மட்டுமே இதைப் பயன்படுத்துவர்.

வீட்டிலுள்ள வலி மாத்திரைகளையும் தர வேண்டாம். மாடுகளுக்குப் போடப்பட்ட டைக்ளோபினாக் மருந்து, அவற்றின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து, அவ்வினங்களையே அழிவின் விளிம்பிற்குக் கொண்டுசென்றது. இக்காரணத்தால் 2006ஆம் ஆண்டில் கால்நடைப் பயன்பாட்டிற்கான டைக்ளோபினாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. பறவையின் உடல் மனித உடல் அன்று. எஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதும் தவறு.

மருத்துவர் என்ன செய்வார்?

கையால் பரிசோதித்து, வசதியுள்ள இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, முட்டை எங்கே உள்ளது, ஓடு உள்ளதா, ஒன்றா இரண்டா என்று பார்ப்பார். வாத்தைச் சூடாக்கி, உடலில் நீர்ச்சத்தையும் கால்சியத்தையும் ஊசி வழி ஏற்றுவார். வலி நீக்கியும் தருவார். பல வாத்துகளுக்கு இவ்வளவே போதுமானது. முட்டை இறங்காவிட்டால், மயக்கம் கொடுத்து எண்ணெய்ப்பசை இட்டு மெல்ல வெளியே நகர்த்துவார். அல்லது முட்டையில் ஊசி செலுத்தி உள்ளிருக்கும் கருவை உறிஞ்சி, ஓட்டைச் சுருங்கச் செய்து எடுப்பார். இதையே வீட்டில் செய்தால் உயிர் போவதும், பயிற்சி பெற்றவர் செய்தால் பிழைப்பதும் ஒரே செயலின் இரு பக்கங்கள். இறுதி வழி அறுவை சிகிச்சை. அதற்கு மேல்நிலை வசதி தேவை. சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை போன்ற இடங்களுக்குப் பரிந்துரைக்கப்படலாம்.

பயணத்தின்போது வாத்தின் கால்களைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு எடுத்துச் செல்ல வேண்டாம். கூடையில் உட்காரவைத்துக் கொண்டுசெல்லவும். அது எப்போது கடைசியாக முட்டை இட்டது, என்ன தின்கிறது, முன்பு தோல்முட்டை இட்டதுண்டா என்பவற்றைச் சொல்லத் தெரிந்தவர் உடன் செல்வது நல்லது.

உறுப்பு வெளித்தள்ளல்

கடுமையாக முக்கியதாலோ, பெரிய முட்டையாலோ, முட்டைக்குழாயின் ஒரு பகுதி எச்சத்துவாரத்தின் வழியே சிவந்த, ஈரமான சதையாக வெளியே வந்து நிற்கலாம். பெண்களுக்கு நேரும் அடியிறக்கத்தை ஒத்த நிலை எனலாம். ஆனால் அதைவிட மிக விரைவாக மோசமாவது. சிவப்பு நிறத்தைக் கண்டதும் பிற வாத்துகளும் கோழிகளும் கொத்தத் தொடங்கும். எனவே முதற்செயல் தனிமைப்படுத்துதல். கொதிக்கவைத்து ஆறிய உப்பு நீரால் கழுவி, கெட்டியான சர்க்கரைக் கரைசலில் நனைத்த தூய துணியைப் பத்து நிமிடம் அதன்மேல் வைத்தால் வீக்கம் வடியும். பிறகு காயாமல் ஈரத்துணியால் மூடி மருத்துவரிடம் கொண்டுசெல்லவும். மஞ்சள், சாம்பல், வேப்பெண்ணெய் எதையும் பூச வேண்டாம்.

ஆண் வாத்துக்கும் இவ்வகை நோய் உண்டு. சேவலைப் போலன்றி ஆண் வாத்துக்குச் சுருள் வடிவமான ஆணுறுப்பு உள்ளது. இணைந்த பின்னர் அது தானாக உள்ளே செல்ல வேண்டும். அவ்வாறு செல்லாமல் வெளியே தொங்கினால், மண்ணும் அழுக்கும் பட்டு வீங்கிக் கறுத்துவிடும். பெண் வாத்துகளிடமிருந்து பிரித்து, தூய நீரில் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்டவும். உறுப்பு அழுகியிருந்தால் அறுவை மூலம் அகற்றுவர். சிறுநீர் அவ்வழியே செல்வதில்லையாதலால் வாத்து தொடர்ந்து நலமாக வாழும். இனப்பெருக்கம் மட்டும் நின்றுவிடும்.

இரண்டு ஆண், ஒரு பெண் என்று வளர்க்கும் வீடுகளில் பெண் வாத்தின் பிடரி இறகு உதிர்ந்து, முதுகில் புண்ணாகி, கண்ணிலும் காயம் படுவதுண்டு. ஓர் ஆணுக்கு ஐந்தாறு பெண் என்ற அளவே தக்கது. அது இயலாவிட்டால் ஆணைத் தனியே அடைப்பதே வழி.

வயிறு மெல்ல வீங்கும் வாத்து

முட்டை அடைப்பு ஒரே நாளில் தெரியும். முட்டைக்குழாய் அழற்சியும், மஞ்சள் கரு வயிற்றறையில் விழுவதால் வரும் அழற்சியும் வாரக்கணக்கில் மறைந்திருந்து வளர்வன. முட்டை எண்ணிக்கை குறையும்; வடிவம் கோணலாகும்; சில நேரம் ஓட்டுக்குப் பதிலாகப் பாலாடைக்கட்டி போன்ற கெட்டியான, நாற்றமுள்ள பொருள் வெளிவரும். அடிவயிறு தொங்கி, வாத்து நிமிர்ந்து நடக்கும். ஆனால் மார்பெலும்பைத் தொட்டால் சதை வற்றிக் கூராக இருக்கும். கொழுத்துவிட்டது என்று மகிழ்வதற்கு முன் மார்பைத் தொட்டுப் பார்க்கவும். பெரும்பாலும் குடலிலிருந்து மேலேறும் ஈ.கோலை போன்ற நுண்ணுயிர்களே காரணம். கால்நடை மருத்துவர் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தும், வயிற்று நீரை வடிக்கும் சிகிச்சையும் தருவார். முட்டையிடலைச் சில காலம் நிறுத்தி ஓய்வு தருவதும் சிகிச்சையின் பகுதியே. இரவில் கூட்டில் விளக்கு எரியவிடாமல், பகல் வெளிச்சத்தையும் குறைத்தால் இது நிகழும். முற்றிய நிலையில் நோய் குணமாவது அரிது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

வயிற்றில் நீர் கோத்த எல்லா வாத்துகளுக்கும் முட்டைக்குழாய் நோய் இருப்பதில்லை. மஞ்சள் கருவுக்குரிய பொருள்கள் உருவாகும் இடம் கல்லீரல். பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கில் உள்ள அஃப்ளாடாக்சின் நஞ்சு அக்கல்லீரலைக் கெடுக்கும். பறவைகளுள் இந்நஞ்சைத் தாங்க இயலாதவற்றில் வாத்து முன்னிற்கிறது. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிக் குஞ்சுகளும் வாத்துக் குஞ்சுகளும் பெருமளவில் இறந்தபோதுதான், நிலக்கடலைத் தீவனத்தை ஆராய்ந்து இந்நஞ்சு கண்டறியப்பட்டது. நிலக்கடலை விளையும் திருவண்ணாமலை மாவட்டத்தில் இதை நினைவிற் கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் நிறம் மாறிய பிண்ணாக்கைக் கழுவிக் கொடுத்தாலும் நஞ்சு நீங்காது.

பல வாத்துகள் ஒன்றாக முட்டையை நிறுத்தினால்

ஒரு வாத்தின் நோய் இனப்பெருக்க உறுப்பினுடையதாக இருக்கலாம். பல வாத்துகள் ஓரிரு நாள்களில் முட்டை நிறுத்தி, சோர்ந்து, இறக்கவும் தொடங்கினால் அது தொற்றுநோய். வாத்துக் கொள்ளைநோயில் முட்டை திடீரெனக் குறையும். இறந்த ஆண் வாத்துகளில் உறுப்பு வெளியே தள்ளியிருப்பதும் காணப்படும். இதற்குத் தடுப்பூசி உண்டு. பறவைக் காய்ச்சலையும் மறக்கலாகாது. கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்து வாத்துகளில் 2014, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் அது பரவியது. அத்தகைய நிலையில் இறந்த பறவையைத் தொடாமலும், அறுக்காமலும், ஓடையில் வீசாமலும் கால்நடை பராமரிப்புத் துறைக்கு உடனே தெரிவிக்கவும். தொட்டவருக்குப் பத்து நாள்களுக்குள் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு ஏற்பட்டால் சுகாதார நிலையத்திற்கு வந்து, பறவை இறந்த செய்தியையும் தவறாமல் கூறவும்.

சாமையும் கால்சியமும்

அடிவாரத்து வயலில் மேயும் வாத்து நத்தையை ஓட்டோடு விழுங்குகிறது; நண்டும் புழுவும் தின்கிறது. அதே வாத்து மலை முற்றத்தில் சாமையும் நொய்யும் சோறும் தின்று வளர்கிறது. வயிறு நிறைகிறது, ஆனால் கால்சியம் கிடைப்பதில்லை. நூறு கிராம் சாமையில் 20 மில்லிகிராம் கால்சியம்கூட இல்லை. கர்ப்பிணிகளுக்கு நாங்கள் பரிந்துரைக்கும் கேழ்வரகில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 350 மில்லிகிராம் உண்டு. எனினும் ஒரு வாத்து நாளொன்றுக்கு 150 கிராம் கேழ்வரகைத் தின்றாலும் கிடைப்பது அரை கிராம் மட்டுமே. ஒரு முட்டைக்கோ இரண்டு கிராமுக்கு மேல் வேண்டும். மீதி எலும்பிலிருந்து செல்கிறது. தொடர்ந்து இட்ட முட்டைகளுக்குப் பின் தோல்முட்டை வருவதும், அதன்பின் முட்டை அடைப்பதும் இதனால்தான். தோல்முட்டை ஒரு முன்னறிவிப்பு. அன்றே தீவனத்தை மாற்றத் தொடங்க வேண்டும்.

கடைகளில் கிடைக்கும் முட்டைக்கோழித் தீவனத்தில் தேவையான கால்சியம் சேர்க்கப்பட்டிருக்கும். அதைப் பாதியளவு கலந்து கொடுப்பதுடன், கிளிஞ்சல் தூளையோ, கொதிக்கவைத்து உலர்த்தி நொறுக்கிய முட்டை ஓட்டையோ தனிப் பாத்திரத்தில் வைக்கவும். வேண்டிய அளவை வாத்தே எடுத்துக்கொள்ளும். தீவனம் முழுவதிலும் கலந்துவிட்டால் ஆண் வாத்துக்கும் குஞ்சுகளுக்கும் மிகுதியாகிச் சிறுநீரகம் கெடும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கரைத்துக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடவும். அது வாயையும் இரைப்பையையும் சுடும். நீற்றிய சுண்ணாம்பும் கிளிஞ்சலும் ஒன்றல்ல. பகலெல்லாம் கூடையால் கவிழ்த்து வைத்த வாத்துக்கு வெயில் படாமையால் வைட்டமின் டி கிடைப்பதில்லை. அது இல்லாமல் தின்ற கால்சியமும் உடலில் சேராது.

முட்டை உண்பவர்களும் பறவையைத் தொடுபவர்களும்

நோயுற்ற வாத்தின் முட்டையை உண்ண வேண்டாம். அடைத்துப் பின் வெளிவந்த முட்டை, தோல்முட்டை, கீறல் விழுந்த முட்டை ஆகியவற்றைப் புதைத்துவிடவும். மருந்து கொடுக்கப்பட்ட வாத்தின் முட்டையை எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு, அந்நாள்கள் முடியும் வரை பிறருக்குத் தரவும் வேண்டாம்.

நலமான வாத்தின் முட்டையிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்ணக் கூடாது. கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியோர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். வாத்து முட்டை கோழி முட்டையைவிடப் பெரியது. ஆயிரம் மீட்டர் உயரத்தில் நீர் 97 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். எனவே மலையில் கொதி வந்த பின்னர் 15 நிமிடம் வேகவைக்கவும். மஞ்சள் கரு நடுவிலும் கெட்டியாகியிருக்க வேண்டும்.

வாத்தைத் தொட்ட பின் சோப்பிட்டுக் கை கழுவவும். நோயுற்ற வாத்தின் கூடையைச் சமையலறையில் வைக்க வேண்டாம். சூடு வேண்டி அடுப்பருகே வைப்பது நம் வழக்கம் என்பதால் இதைக் குறிப்பிட வேண்டியுள்ளது. குழந்தைகள் வாத்துக்கு முத்தமிடுவதையும், அதன் தண்ணீர்த் தொட்டியில் விளையாடுவதையும் தவிர்க்கச் செய்யவும். வாத்தைக் கையாண்ட வீட்டில் எவருக்கேனும் காய்ச்சலுடன் வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் உப்பு சர்க்கரைக் கரைசல் தொடங்கி, சுகாதார நிலையத்தை அணுகவும்.

தொடர்புக்கு

கால்நடை அவசர ஊர்தி மற்றும் மருத்துவ உதவிக்குக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1962. அழைக்கும்போது சிற்றூரின் பெயரையும், வாகனம் வந்து நிற்கக்கூடிய சாலை முனையையும் தெளிவாகக் கூறவும். வாகனம் வர இயலாத ஊர்களிலிருந்து வாத்தைக் கூடையில் சாலை வரை கொண்டுவர வேண்டியிருக்கும். விடியலுக்குக் காத்திராமல் மாலையிலேயே அழைத்துவிடவும். மனிதர்களுக்கான உடல்நல ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108.